மறு: ‘காமெடி’ – நகைச்சுவை நாடகமா, கூடலியலா?

வணக்கம் அண்ணே,

> துண்டறிக்கையில் ‘நகைச்சுவை நாடகம்’ என்றே போடுவோம். சுங்கை சிப்புட்டில் ‘இன்பியல்’ என்றால் யாருக்கு விளங்கும்?

‘காமெடி’க்குப் பாடநூல் சொல்லும் ‘இன்பியல்’ விளங்காதுதான். ஆனால் ‘நகைச்சுவை’ என்று போட்டால் தப்பாக விளங்கும். நாம் எடுத்திருப்பது பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ ஆக்கிய ஷேக்ஸ்பியரின் ‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’. 1623-இல் அச்சான தொகுப்பில் காமெடி என்ற தலைப்பின்கீழ் உள்ள 14 நாடகங்களில் இதுவும் ஒன்று. நான்காம் அங்கத்தில், கடனுக்கு ஈடாக அன்டோனியோவின் ஒரு பவுண்டு சதையைக் கேட்கும் வட்டிக்காரன் ஷைலாக் செருப்பின் அடித்தோலில் கத்தியைத் தீட்டுகிறான். அன்டோனியோவை மார்பைத் திறக்கச் சொல்லியாகிவிட்டது. தராசும் தயார். சிரிக்க வந்த சனம் இந்த இடத்தில் என்ன செய்யும்?

காமெடி என்பது சிரிப்பின் அளவு அல்ல, உண்மை எப்போது தெரியவருகிறது என்பது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ துன்பியலில் வரும் கைக்குட்டையும் இந்த நாடகத்து மோதிரமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கை மாறின, சந்தேகம் வந்தது. அங்கே மனைவியைக் கொன்ற பிறகு உண்மை தெரிகிறது; இங்கே தெரியும்போது சமாதானம் ஆக நேரம் இருக்கிறது. ஐந்தாம் அங்கம் முழுக்க நம் ஊடலும் கூடலும்தான். நாயகி போர்ஷியாவும் தோழி நெரிசாவும், ஆண்வேடத்தில் தாங்களே கணவர்களிடம் வாங்கிவந்த மோதிரம் எங்கே என்று பொய்க்கோபம் கொள்கிறார்கள், பிறகு அதே மோதிரங்களை எடுத்து நீட்டுகிறார்கள். அன்டோனியோவின் மூன்று கப்பல்கள் கரைசேர்ந்த சேதி வருகிறது. கிரேக்க மூலச்சொல்லிலும் ‘கோமோஸ்’ என்பது ஆடிப்பாடிவரும் கூட்டம். ஆகவே என் முன்மொழிவு: கூடலியல்.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. நேரம் போதாதென்று ஐந்தாம் அங்கத்தை வெட்டினால் ஷைலாக் நொறுங்கிப்போவதோடு நாடகம் முடியும். சனம் துன்பியல் பார்த்த மனத்தோடு எழுந்து போகும். அந்த அங்கம் ஒரே காட்சி, ஏழு முக்கிய நடிகர்கள் போதும். வெட்டியே ஆகவேண்டுமானால் இரண்டாம் அங்கத்தில் வேலைக்காரன் லான்செலட் தன் கண் தெரியாத அப்பனைக் குழப்பும் இடத்தை வெட்டுங்கள். சிரிப்பு அதிகமுள்ள இடமே அதுதான். போனாலும் காமெடி காமெடியாகவே நிற்கும்.

---

தம்பி,

கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. படிவம் 4 வகுப்பில் ‘கூடலியல்’ என்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் எழும் சிரிப்பே போதும்.

அதைவிடப் பெரிய முட்டு, ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘செர்ரித் தோட்டம்’. ‘நான்கு அங்கக் காமெடி’ என்று அவரே எழுதிவைத்தார். 1904-இல் மாஸ்கோவில் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைத் துன்பியலாக மேடையேற்றியதில் செக்காவுக்கு மனத்தாங்கல். முடிவில் யாரும் கூடவில்லை. எல்லாரும் பிரிந்து போகிறார்கள், கிழட்டு வேலைக்காரன் ஃபீர்ஸ் பூட்டிய வீட்டுக்குள் கிடக்கிறான், வெளியே கோடாலிச் சத்தம். பிறகு எப்படிக் காமெடி? தோட்டத்தை மனைகளாகத் துண்டுபோட்டு வாடகைக்கு விட்டால் கடன் அடையும் என்று வணிகன் லொப்பாகின் கரடியாகக் கத்துகிறான். தோட்டத்துக்காரக் குடும்பத்துக் காயெவோ நூறு வயது புத்தக அலமாரிக்கு வாழ்த்துரை வாசிக்கிறான். தொல்காப்பியர் நகை பிறக்கும் இடம் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கொண்டதை விடாத மடன் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கிறது.

(நம் ஊரில் அதைப் போட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள் என்பது வேறு கதை. துண்டாடல், அதாவது ரப்பர்த் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்பது, என்ற சொல் இங்கே மலேசியாவில் அகராதியில் படித்தது அல்ல. அதைத் தடுக்கத்தான் 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். கோடாலிச் சத்தம் கேட்டதும் லயத்துச் சனம் அழும்.)

எனவே வடிவத்துக்குப் பழைய ‘இன்பியல்’ இருக்கட்டும். துன்பியலோடு இணையாக நிற்கிறது, பாடநூலிலும் பழகிவிட்டது. ‘நகைச்சுவை’ சுவையின் பெயர், துன்பியலுக்குள்ளும் வரும். அடிதடி, ஆள்மாறாட்டம் மட்டுமே என்றால் கேலிக்கூத்து. குத்திக்காட்டினால் அங்கதம். காதலுக்குக் குறுக்கே நிற்கும் அப்பன், மாமன் பாத்திரத்துக்குச் சொல் தேடவே வேண்டாம்: முட்டுக்கட்டை.

உங்கள் ‘கூடல்’ வீணாகாது. எல்லாரையும் ஒரே மேடையில் சேர்த்து முடிச்சை அவிழ்க்கும் கடைசிக் காட்சிக்குத் தமிழில் ஒரு பெயர் தேவை. ‘கூடற்காட்சி’ என்று வைத்தால் என்ன?

---

அண்ணே, சரி. ஆனால் துண்டறிக்கையில் ‘கூடல் காட்சி’ என்று பிரித்தே போடுவோம். ‘கூடற்’ என்று கண்டால் அச்சகத்தில் பிழை என்று திருத்திவிடுவார்கள். தலைப்புக்கு அடியில் இப்படி: ‘இன்பியல் நாடகம் – சிக்கி, தவித்து, சேரும் கதை’. ‘நகைச்சுவை’ என்ற சொல் எங்கும் வேண்டாம். இரண்டு மோதிரங்களையும் பித்தளையில் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், பின்வரிசைக்குத் தெரியவேண்டும்.