அப்பாக்கு ஈரல்ல கொழுப்பு, உடம்பில செல் பீஸ் (குண்டுத் துண்டு), எம்.ஆர்.ஐ எடுக்கலாமோ?

வட்டக்கச்சி:
அப்பாக்கு 58 வயசு, சுகர் இருக்கு, குடிக்கிறேல்ல. போன கிழமை வயித்து ஸ்கேனில ஈரல்ல கொழுப்பு, கிரேட் 2 எண்டு வந்தது. காட்டின இடத்தில எம்.ஆர்.ஐ எடுத்தா கொழுப்பு எத்தினை வீதம் எண்டு சரியாத் தெரியும், எடுப்பமோ எண்டு கேட்டவை. 2009 சண்டையில மாத்தளனில செல் பட்ட காயத்தில தொடையில ரெண்டு, வலப்பக்க விலாவுக்க ஒண்டு பீஸ் இன்னும் கிடக்கு, அதை அவை கேக்கவுமில்ல நாங்கள் சொல்லவுமில்ல. வீட்ட வந்தாப்பிறகுதான் யோசிச்சனான், பயமாக் கிடக்கு.

முறிகண்டி:
தம்பி முதல் வேலையா அதைப் போய்ச் சொல்லுங்கோ. செல் துண்டு கூடுதலா இரும்பு, எம்.ஆர்.ஐ மெசினுக்க இருக்கிற பெரிய காந்தம் அதை இழுக்கும், சூடாக்கவும் பாக்கும். கண்ணுக்குள்ள, முள்ளந்தண்டுக்க, பெரிய நரம்பு ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில இருந்தா ஆபத்து. எல்லாருக்கும் எடுக்கேலாது எண்டில்ல, எக்ஸ்ரே எடுத்து எங்க கிடக்கு எண்டு பாத்து ரேடியோலஜிஸ்ட்தான் முடிவு சொல்லவேணும். எங்கட சனத்தில எத்தினை பேருக்கு உடம்புக்க பீஸ் கிடக்கு, கேக்காட்டியும் நாங்களாச் சொல்லிப்போடோணும்.

குளத்தடி:
முறிகண்டி அண்ணை சொன்னது சரி, அதோட விலாவில கிடக்கிறது ஈரலுக்குக் கிட்ட எண்டா படமே கறுத்துக் குழம்பிப்போகும், அளவும் பிழைக்கும். தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனும் கொழுப்பில இருக்கிற ஹைட்ரஜனும் காந்தத்துக்க கொஞ்சம் வித்தியாசமா அதிரும், அதைப் பிரிச்சுத்தான் வீதம் கணக்கெடுக்கினம், ஊசி மருந்தும் தேவையில்ல, கொஞ்ச நேரம் மூச்சை அடக்கினாச் சரி. ஏறத்தாழ 5 வீதத்துக்கு மேல எண்டா கொழுப்பு ஈரல். ஆனா உங்களுக்குக் கொழுப்பு இருக்கெண்டு ஸ்கேனே சொல்லிட்டுது. இனி அறியவேண்டியது ஈரல் தழும்பு பட்டு இறுகுதோ எண்டதுதான், கொழுப்பு வீதம் அதைச் சொல்லாது. ரத்த ரிப்போட் இருக்கோ?

வட்டக்கச்சி:
இருக்கண்ணை. ஈரல் பாக்கிற நொதியள் எஸ்.ஜி.ஓ.டி 40, எஸ்.ஜி.பி.டி 49, ரத்தம் உறையவைக்கிற பிளேட்லெட் 200 (ஆயிரத்தில).

குளத்தடி:
ஈரல் தழும்பைக் கணிக்க ஃபிப்-4 எண்டு ஒரு கணக்கு இருக்கு. வயசை எஸ்.ஜி.ஓ.டியால பெருக்கி, பிளேட்லெட்டாலயும் எஸ்.ஜி.பி.டியின்ர வர்க்கமூலத்தாலயும் பிரிக்கவேணும். 58×40=2320, 49 இன்ர வர்க்கமூலம் 7, 200×7=1400, பிரிச்சா விடை 1.66. 1.3 க்குக் கீழ எண்டா பெரும்பாலும் பயமில்ல, 2.67 க்கு மேல எண்டா கவனம், அப்பா நடுவில நிக்கிறார். அப்ப ஃபைப்ரோஸ்கான் கேளுங்கோ, அது ஒலி அலையால ஈரலின்ர இறுக்கத்தைப் பாக்கிறது, காந்தமில்ல, பீஸ் இருந்தாலும் எடுக்கலாம். இந்தக் கணக்கை வச்சு நீங்களா முடிவெடுக்காம ரிப்போட்டோட கிளினிக்கில காட்டுங்கோ.

வட்டக்கச்சி:
சரியண்ணை, திங்கள் கிளினிக், பீஸ் கதையையும் கொப்பியில எழுதுவிக்கிறன். அப்பா தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுறவர், அதை அம்மா இண்டைக்கே நிப்பாட்டிட்டா.