மலை அல்ட்ரா லைவ்ஸ்ட்ரீம்: படம் அழகா இருந்தா போதுமா, ரேஸ் என்னாச்சுன்னு தெரிய வேணாமா?

மலைக்காத்து:
சமீபத்துல ஒரு பெரிய 100 மைல் அல்ட்ரா ரேஸ் (மாரத்தான விட நீளமான ஓட்டம்), பேர் வேணாம், ராத்திரி முழுக்க லைவ்ல பாத்தேன். ட்ரோன் ஷாட் எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம், பனி மலை, கீழ ஹெட்லைட் வரிசையா போகுது, குறையே சொல்ல முடியாது. ஆனா முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் எவ்ளோ இடைவெளின்னு ரொம்ப நேரமா ஸ்க்ரீன்ல வரவே இல்ல, கமெண்டேட்டர் ரெண்டு பேரும் ஷூ பத்தியும் போன வருஷ கதை பத்தியும் பேசிட்டு இருக்காங்க, நான் இன்னொரு டேப்ல டைமிங் பேஜ திறந்து நானே கழிச்சு பாத்துட்டு இருக்கேன். ஓடுறவங்கள காட்டுறாங்க, ஓட்டப்பந்தயத்த காட்டல. இதுதான் என் வருத்தம்.

கேபிள்மணி:
நண்பா, நான் ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்புல வேலை பாக்குறவன், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். டூர் டி ஃபிரான்ஸ்ல பைக்ல கேமராமேன் போவார், அவர் சிக்னல ஹெலிகாப்டர் வாங்கி மேல பறக்குற விமானத்துக்கு குடுக்கும், அங்கேருந்து கீழ வேனுக்கு வரும். அதுக்கு பின்னாடி பல வருஷ அனுபவமும் டிவி உரிமை பணமும் இருக்கு. ஆல்ப்ஸ் மலைல மோன் ப்ளாங்க சுத்தி ஓடுற யூடிஎம்பி ரேஸ எடுத்துக்கங்க, 170 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாடு, சுமார் 10,000 மீட்டர் ஏத்தம், சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க ஓட்டம். ஒத்தையடிப் பாதைல பைக் போகாது. கேமராவ கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு ஓட்டக்காரர்தான் பின்னாடி ஓடணும், முதுகுல நாலஞ்சு சிம் போட்ட மோடம், குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கிரும், ஒரு மலை முகடு தாண்டினா சிக்னல் போச்சு. அமெரிக்கால வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்ங்கிற 100 மைல் ரேஸோட ஆரம்பப் பகுதி கிரானைட் சீஃப்னு ஒரு பாதுகாக்கப்பட்ட வனம் வழியா போகுது, அங்க ட்ரோன் ஏத்தி இறக்கவே கூடாது. இத்தனைக்கும் நடுவுல காசு வாங்காம யூடியூப்ல போடுறாங்க, நாம இங்க உக்காந்து குறை சொல்றோம்.

மலைக்காத்து:
அண்ணே நீங்க சொன்ன கஷ்டம் எல்லாம் படத்துக்கு. படம் கட் ஆனத பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலயே. ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் ஓடுறவங்க போட்டிருக்குற சிப் மூலமா டைம் பதிவாகுது, அடுத்த நிமிஷமே ரேஸ் வெப்சைட்ல வந்துருது. அந்த நம்பர எடுத்து ஸ்க்ரீன் ஓரத்துல போட எந்த ஹெலிகாப்டர் வேணும்? படம் போன நேரத்துலதான் அது ரொம்ப தேவை.

இன்னொன்னு, 2024 யூடிஎம்பி ஜெயிச்சது வின்சென்ட் பூயார், அப்ப ஒரு ஷூ கம்பெனில இன்ஜினியர், ரேஸுக்கு முன்னாடி பெருசா யாரும் அவர் பேர சொல்லல, 19 மணி 54 நிமிஷத்துல வந்து நின்னார். இந்த மாதிரி ஆள் இந்த விளையாட்டுல எப்ப வேணா வருவாங்க. டாப் அஞ்சு ஸ்டார மட்டும் வச்சு கமெண்ட்ரி ப்ளான் பண்ணா எட்டாவது இடத்துலேருந்து ஒருத்தர் ஏறி வர்றது கண்ணுலயே படாது. பின்னாடி ஒருத்தர் டைமிங்க மட்டும் பாத்துட்டு "இவர் ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் இடைவெளிய குறைக்கிறார்"னு சொல்ல உக்காந்தா போதும்.

தாரகை:
பெண்கள் ரேஸ் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். யூடிஎம்பில ஆண்களும் பெண்களும் ஒண்ணாதான் கிளம்புறாங்க. ஆண்கள்ல முதல் ஆள் ரேஸ் முடியுற ஷாமோனிக்கு இருபது மணி நேர கணக்குல வர்றார்னு வைங்க, அந்த நேரத்துல பெண்கள்ல முன்னாடி போறவங்க வல்லோர்சின் பக்கத்துல இருப்பாங்க, கடைசி ஏத்தம் இனிமேதான், ரேஸோட முக்கியமான கட்டமே அதுதான். அந்த நேரம் பாத்து லைவ்ல என்ன ஓடும்? ஃபினிஷ் லைன் கட்டிப்பிடி, பேட்டி, அப்புறம் ரெண்டாவது ஆள், அவர் பேட்டி. 2024ல கேட்டி ஷைட் 22 மணி 9 நிமிஷத்துல முடிச்சாங்க, கோர்ட்னி டாவால்டர் 2021ல போட்ட ரெக்கார்ட 20 நிமிஷத்துக்கு மேல உடைச்சாங்க. அந்த மாதிரி ஓட்டத்தோட கடைசி ரெண்டு மணி நேரம் ஒரு நிமிஷம் விடாம பாக்க வேண்டியது. பேட்டிய ரெக்கார்ட் பண்ணி அரை மணி கழிச்சு போடலாம், மலை ஏத்தத்த அப்படி போட முடியாது.

கேபிள்மணி:
தாரகை மேடம், அதுக்கு தனி கேமரா டீம் வேணும், ராத்திரி பூரா ஓடி முடிச்ச டீமுக்கு பதில் இன்னொரு செட் வேணும். செலவு கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

தாரகை:
அப்ப ஆண்கள் டீமுலேருந்து ஒண்ண எடுத்து குடுங்க. முன்னாடி போற ஆளுக்கு ரெண்டு கேமரா, பெண்கள் ரேஸுக்கு மிச்சம் மீதின்னு பிரிக்கிறது காசுனால இல்ல, யார் முக்கியம்னு ஒருத்தர் எடுத்த முடிவுனால.

நிதானநடை:
எனக்கு இந்த லைவ் வீடியோவே வேணாம்னு தோணுது, திட்டுங்க பரவால்ல. அமெரிக்கால டென்னசில நடக்குற பார்க்லி மாரத்தான்ஸ்ல லைவே கிடையாது. அஞ்சு லூப், 60 மணி நேர கெடு, அடையாளம் போடாத பாதை, அந்த வழியா போனதுக்கு சாட்சியா அங்கங்க வச்சிருக்குற புத்தகத்துலேருந்து பக்கம் கிழிச்சு கொண்டு வரணும். 2024ல ஜாஸ்மின் பாரிஸ் 59 மணி 58 நிமிஷம் 21 செகண்ட்ல முடிச்சாங்க, அத முடிச்ச முதல் பெண். அங்கேருந்து கீத் டன்னு ஒருத்தர் எக்ஸ்ல போட்ட சின்னச் சின்ன போஸ்ட்தான் வெளிய இருந்தவங்களுக்கு கவரேஜ். நான் போன கையில வச்சுக்கிட்டு ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன், இன்னும் 10 நிமிஷம், இன்னும் 5 நிமிஷம், ஆள காணோம்னு. அந்த பதட்டத்த எந்த ட்ரோனும் எனக்கு குடுத்ததில்ல. ஐரன்ஃபார்னு அல்ட்ரா ஓட்டத்துக்கான வெப்சைட்காரங்க எழுத்துல குடுக்குற கவரேஜும் அப்படித்தான், யாரு எப்படி தெரியுறாங்க, சாப்பிட்டாங்களா, முகம் எப்படின்னு ஒரு வரி, அதுல எல்லாம் இருக்கும்.

மலைக்காத்து:
பார்க்லி கதை வேற அண்ணே. அங்க பாதைய வெளிய சொல்லாம வைக்கிறதே ரேஸோட ஒரு பகுதி, கேமரா வந்தா ரேஸே மாறிடும். யூடிஎம்பி, வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் அப்படி இல்ல, வந்து பாருங்கன்னு அவங்களே கூப்பிடுறாங்க. ஆனா "முகம் எப்படி"ன்னு சொன்னீங்களே, அது நூத்துக்கு நூறு. நான் பாத்த ரேஸ்ல ராத்திரி ஒரு எய்ட் ஸ்டேஷன் (வழில சாப்பாடு, தண்ணி குடுக்குற இடம்), முன்னாடி வந்த ஒருத்தர் சேர்ல உக்காந்து சூப் கப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கார், கப் ஆடுது, கூட வந்தவங்க குனிஞ்சு காதுல ஏதோ கேக்குறாங்க, அவர் தலைய ஆட்டுறார், வேணாம்னா சரின்னான்னு தெரியல. அவர் எந்திரிப்பாரா மாட்டாரான்னு நான் மூச்ச பிடிச்சிட்டு இருக்கேன். டக்குனு ட்ரோன் ஷாட்டுக்கு போய்ட்டாங்க. அங்க சிக்னல் இருந்துச்சு, கேமரா இருந்துச்சு, வெளிச்சம் இருந்துச்சு.

கேபிள்மணி:
அது டைரக்டர் தப்பு, அதுக்கு நான் பரிஞ்சு பேச மாட்டேன். எனக்கு பிடிச்ச லைவ் எதுன்னு கேட்டா வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்ல கடைசி ஒரு மணி நேரம், கோல்டன் அவர். ஓடி முடிக்க கெடு (கட்ஆஃப்) 30 மணி நேரம், நமக்கு ஞாயிறு ராத்திரி பத்தரைலேருந்து பதினொன்றரை. ரேஸ் முடியுறது ஆபர்ன்ல ஒரு ஸ்கூல் ட்ராக், அங்க கேமரா வச்சா போதும், நல்ல மைக் வச்சு கூட்டத்தோட சத்தத்த அப்படியே விட்டா போதும். 2015ல 70 வயசு கன்ஹில்ட் ஸ்வான்சன் 29 மணி 59 நிமிஷம் 54 செகண்ட்ல வந்தாங்களே, ஆறே செகண்ட் மிச்சம், அந்த மாதிரி ஒண்ணு அந்த ட்ராக்ல எந்த வருஷமும் நடக்கலாம்.

ஆனா இடைவெளி நம்பர் விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கல. யூடிஎம்பில ஷாம்பே செக்பாயிண்ட்லேருந்து அடுத்த த்ரியான் போக முன்னாடி ஓடுறவங்களுக்கே கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். நடுவுல ஒருத்தர் வாந்தி எடுத்து உக்காந்திருப்பார், ஸ்க்ரீன்ல பழைய "4 நிமிஷம்" நிக்கும். அது பாக்குறவங்கள ஏமாத்துறது.

தாரகை:
"ஷாம்பே, காலை 7:40 நிலவரம்"னு நேரத்தோட போடுங்க மணி சார். எப்ப எடுத்த நம்பர்னு தெரிஞ்சா யாரும் ஏமாற மாட்டாங்க. ஆண்களுக்கு ஒரு வரி, பெண்களுக்கு ஒரு வரி, ரெண்டும் எப்பவும் ஸ்க்ரீன்ல இருக்கணும்.