மறு: டோப்பிங் என்பதற்குத் தமிழ் – 'ஊக்கமருந்து' வேண்டாம் என்கிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். விளையாட்டில் தடைசெய்த பொருள்களையோ முறைகளையோ கையாள்வதை ஆங்கிலத்தில் டோப்பிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாள்களாக இவ்விழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> ஊக்கமருந்து என்பது எல்லாருக்கும் புரிகிற சொல். அதை ஏன் அசைக்க வேண்டும்?

எல்லாருக்கும் புரிகிறது என்பதுதான் ஐயா, என் கவலையே. நான் 28 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஒரு முறை மாவட்டத் தடகளப் போட்டிக்கு முந்தைய வாரம், 800 மீட்டர் ஓடும் மாணவி ஒருத்தியின் தாயார் மைதானத்துக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து 300 ரூபாயை எடுத்து நீட்டினார். "ஓடி முடித்தால் பிள்ளை துவண்டு விழுகிறாள் சார். பேப்பரில் ஊக்கமருந்து என்று போடுகிறார்களே, நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். அவர் மனத்தில் கள்ளம் இல்லை. தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தார். ஊக்கம் என்பது நம் மொழியில் ஒரு நற்குணம். வள்ளுவர் ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். மருந்து என்பது நோய் தீர்ப்பது. இரண்டு நல்ல சொற்களைக் கூட்டி ஒரு தீங்குக்குப் பெயர் சூட்டிவிட்டு, படித்தவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எப்படிச் சொல்வது?

நல்ல பெயர் வைத்து இந்தத் தீங்கை நடத்திய அரசும் உண்டு. 1974 முதல் கிழக்கு ஜெர்மனி '14.25' என்ற இரகசியத் திட்டத்தின் கீழ் விளையாட்டுக்காரர்களுக்கு ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்தது. ஆவணங்களில் அவற்றின் பெயர் 'துணைநிற்கும் பொருள்கள்'. பதின்ம வயதுச் சிறுமிகளின் கையில் நீல மாத்திரையை வைத்து, வைட்டமின் என்று சொன்னார்கள். அத்திட்டத்தை நடத்திய தலைவர்கள் 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றபோது, அந்தச் சிறுமிகள் கெட்டுப்போன உடலோடு நடுவயதை நெருங்கியிருந்தார்கள்.

பொருள் அளவிலும் 'ஊக்கமருந்து' நிற்கவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்தார். அவரிடம் தென்பட்ட புரோபிரனலால், இதயத்துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தைக் குறைப்பது. அது ஊக்குவதில்லை, அடக்குகிறது. 2003 உலகக் கோப்பையின்போது கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னுக்கு ஓராண்டுத் தடை வாங்கித் தந்தது சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை. அத்தகைய மாத்திரை தசைக்கு வலு எதையும் சேர்ப்பதில்லை; உடலில் வேறு பொருள் இருந்தால் அதைச் சோதனையில் மறைக்க உதவும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்டிராங் பயன்படுத்திய முறைகளில் ஒன்று, தன் ரத்தத்தையே எடுத்துப் பதப்படுத்தி வைத்துப் பிறகு ஏற்றிக்கொள்வது. அதில் மருந்தே இல்லை.

மின்னணுவியலில் சிலிக்கானோடு வேறு பொருளைச் சிறிதளவு சேர்ப்பதையும் டோப்பிங் என்பார்கள்; அதற்கு வழங்கும் 'மாசூட்டல்' என்பதையே இங்கும் கொள்ளலாம் என்று பேராசிரியர் அம்மா எழுதியிருந்தார். சிலிக்கானுக்கு அது மிகப் பொருத்தம். மனிதருக்கு ஆகாது. சிலிக்கானுக்கு மானம் இல்லை. ஓடுகிற பெண்ணுக்கு உண்டு. சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அதே பாலினத்தவரான அலுவலர் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்க, சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிறுநீர் கொடுக்க வேண்டும். 90 மில்லிலிட்டர் சேரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு தன் கையாலேயே 'ஏ', 'பி' என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி மூட வேண்டும். இத்தனைக்கும் உட்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். முதல் குப்பியில் ஏதோ தென்பட்டதுமே 'மாசு' என்று முத்திரை குத்தினால், மறுசோதனைக்கான இரண்டாம் குப்பியை எதற்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள்?

பிரித்வி ஷாவுக்கு 2019-இல் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டதற்குக் காரணம் டெர்புடலின். இருமல் மருந்தில் சாதாரணமாக இருப்பது. அவர் அறியாமல் உட்கொண்டார் என்பதைக் கிரிக்கெட் வாரியமே ஏற்றுக்கொண்டது. ஓட்டக்காரர் கிறிஸ்டியன் கோல்மன் எந்தச் சோதனையிலும் தடைப்பொருளோடு பிடிபட்டவர் அல்லர். சோதனையாளர்கள் தேடி வந்த நேரங்களில், தாம் இருப்பதாகத் தெரிவித்த இடத்தில் இல்லை என்பதற்காகத் தடை பெற்று டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். இவர்களையும் ஆம்ஸ்டிராங்கையும் ஒரே சொல்லில் அடைப்பது நியாயமில்லை.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். பொருளுக்குத் தடைப்பொருள். செயலுக்குத் திறன் திரிப்பு. ஏற்றினாலும் அடக்கினாலும், மருந்தாலும் ரத்தத்தாலும் மரபணுவாலும், இயல்பான திறனை முறைகேடாக மாற்றுவது திரிப்புதான். 'குருதித் திறன் திரிப்பு', 'மரபணுத் திறன் திரிப்பு', 'திறன் திரிப்புத் தடுப்பு முகமை' என்று தொடர்களுக்கும் தடையின்றி வளைந்து கொடுக்கிறது. புணர்த்தினால் 'திறன்றிரிப்பு' என்று வரும் என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள் என்று தெரியும். வாய்க்கு வராத அந்த வடிவம் வேண்டாம், பிரித்தே எழுதுவோம்.

தலைப்பில் இடம் போதாது என்ற பத்திரிகை நண்பருக்கு: 'ஊக்கமருந்து'க்கும் 'தடைப்பொருள்'க்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. முதல் குப்பியின் முடிவு மட்டும் வந்திருக்கும்போது 'சிக்கினார்' என்று எழுதாமல் 'சோதனையில் தடைப்பொருள்' என்று நிறுத்துங்கள். திறன் திரித்தார் என்பதை விசாரணை முடிந்தபின் எழுதலாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. பொருள் உடலில் இருந்தாலே போதும், எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் விளையாடியவரே பொறுப்பு என்பது இந்த விதிகளின் அடிப்படை. 'முழுப்பொறுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். குற்றம் முழுவதும் அவருடையது என்ற பொருள் வந்துவிடுகிறது. குழுமத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். நீதிமன்றத் தமிழில் இதற்கு என்ன வழங்குகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்