சப்மரைனர் வாட்ச் சாயல்ல, குறைஞ்ச விலையில எது வாங்கலாம்?

கேள்வி: ரோலக்ஸ் சப்மரைனர் மாதிரி ஒரு ஆட்டோமேட்டிக் (கை அசைவுல தானே சாவி ஏறுற) வாட்ச் வேணும். பகானி டிசைனா, இன்விக்டா 8926ஓபியா?

பதில் 1: பேரை விடுங்க, உள்ள ஓடுற மெஷினைப் பாருங்க. இன்விக்டாவுல சீகோவோட என்எச்35. பகானியிலயும் பல மாடல்ல அதேதான். தேய்மானம் குறைக்க 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுசா சாவி கொடுத்தா சுமார் 41 மணி நேரம் ஓடும். நாளுக்கு −20 முதல் +40 விநாடி வரை பிசகுறது கம்பெனி சொல்ற வரம்புக்குள்ளதான். அதைக் குறைன்னு திருப்பி அனுப்பாதீங்க.

பதில் 2: இன்விக்டாவுல மினரல் கண்ணாடி, கீறல் சீக்கிரம் விழும். கேஸ் பக்கவாட்டுல பேரை வேற பெருசா பொறிச்சு வச்சிருப்பாங்க, கண்ணை உறுத்தும். சுலபமா கீறல் விழாத சஃபையர் கண்ணாடி வேணும்னா பகானி. வந்ததும் பெசல்ல (டயலைச் சுத்தி இருக்குற வளையம்) உள்ள முக்கோணம் 12-க்கு நேரா நிக்குதான்னு பாருங்க.

பதில் 3: ராத்திரி 9 முதல் விடிகாலை 4 வரைக்கும் தேதியைத் திருகாதீங்க, பல்சக்கரம் அடிவாங்கும். தேதி இல்லாத டயல்னா, தேதி இல்லாத மெஷினான என்எச்38 கேளுங்க. என்எச்35 போட்டிருந்தா கிரவுன்ல (பக்கவாட்டுல இருக்குற திருகு) தேதி மாத்துற நிலை ஒண்ணு வெட்டியா மிஞ்சும். டயல்ல ‘ரோலக்ஸ்’னே அச்சடிச்சிருந்தா அது ஹோமேஜ் (சொந்தப் பேர்ல, சாயல்ல மட்டும் செய்யுறது) இல்ல சார், டூப்ளிகேட்.