புதுப்பிப்பு: டூல்டிப்பா, எழுத்து லேபிளா? முடிவு செய்தாச்சு

எங்கள் செயலியின் கருவிப்பட்டையில் வெறும் ஐகான்களை வைத்துப் பெயரை டூல்டிப்பில் (சுட்டியை வைத்தால் தோன்றும் சின்னக் குறிப்புப் பெட்டி) காட்டலாமா, இல்லை ஐகானுக்குக் கீழேயே எழுதிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழுதிவிடுவது என்றே முடிவு செய்தோம்.

தீர்மானித்தது தொடுதிரைதான். மவுஸ் சுட்டியை மேலே நிறுத்தினால் டூல்டிப் வரும். விரலுக்கு அப்படி ஒரு நிலையே கிடையாது. அழுத்திப் பிடித்தால் வரும்படி செய்யலாம், ஆனால் அப்படிச் செய்து பார்க்கலாம் என்று திரையில் எதுவும் சொல்லாதே! அப்புறம், டூல்டிப்பைக் காட்ட, வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் டைட்டில் பண்பை நம்பினால், விசைப்பலகையால் மட்டும் நகர்பவருக்குப் பெரும்பாலான உலாவிகளில் எதுவுமே தெரியாது. அவர்களை விட்டுவிட்டு இடத்தை மிச்சம் பிடிப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

"இடம் போதாதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதிகம் பயன்படும் பொத்தான்களைப் பெயரோடு வெளியே வைத்து, மற்றவற்றை 'மேலும்' மெனுவுக்குள் கொண்டுபோனோம். அங்கேயும் பெயர் உண்டு.

டூல்டிப்பை முழுதாக ஒழிக்கவில்லை. குறுக்குவிசை போன்ற கூடுதல் தகவலுக்கு மட்டும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியாக 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இன் 1.4.13 விதி கேட்பதுபோல, எஸ்கேப் விசையால் அதை மூடலாம். சுட்டியை அதன்மேல் நகர்த்தினாலும் மறையாது. படித்து முடிப்பதற்குள் தானாகவும் போய்விடாது.

சரி, ஒரே விதிவிலக்கு: மூடுவதற்கான பெருக்கல் குறி. அதற்கு எழுத்து இல்லை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைபடிப்பானுக்காக ஏரியா-லேபிள் (கண்ணுக்குத் தெரியாத பெயர்) மட்டும் கொடுத்திருக்கிறோம்.