சுவரில் இருந்தவள்

வீட்டுக்குள்ளேயே நடக்கும் திகில் கதை எது உங்களை உலுக்கியது என்று கேட்டால், எனக்கு ஒரே பதில்தான். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய ‘தி எல்லோ வால்பேப்பர்’. 1892-ல் வந்த அமெரிக்கச் சிறுகதை. பேய் கிடையாது, கொலை கிடையாது. பிள்ளை பெற்ற ஒரு பெண், டாக்டரான கணவன், வாடகைக்கு எடுத்த பழைய வீடு, ஜன்னலுக்குக் கம்பி போட்ட மாடி அறை. நீ ஓய்வெடுத்தால் போதும், எதையும் எழுதாதே என்கிறான் கணவன். அவள் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். ஒரு கட்டத்தில் அந்தப் பூவேலைக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து ஊர்வது அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

இதைப் படித்தபோது என் மகளுக்கு நாலு வயது. பாதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் மூச்சு விடுகிறாளா என்று தொட்டுப் பார்த்தேன். ஏனென்றால் அந்த அறையில் நான் இருந்திருக்கிறேன்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், திருநெல்வேலிப் பக்கம். பின்கட்டில் ஓர் அறை. காற்று கருப்பு அண்டாமல் இருக்க ஜன்னல் சாத்தியே இருக்கும். தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு, வேப்பிலை, சாம்பிராணிப் புகை. நேரத்துக்குப் பத்தியச் சாப்பாடு, லேகியம். புத்தகத்தை எடுத்தால் ஆச்சி பிடுங்கி வைத்துவிடுவாள். “பச்ச உடம்புக்காரி படிக்கக் கூடாது, கண்ணு பூத்துப்போகும்.” எல்லாமே பாசம்தான். அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

அந்த அறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பகலில் அது வெறும் கறை. ராத்திரி ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை. முதல் வாரம் கட்டிலுக்கு மேலே இருந்தாள். அடுத்த வாரம் தொட்டில் பக்கம் சாய்ந்திருந்தாள். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னேன், திருநீறு பூசிவிட்டாள். கணவரிடம் போனில் சொன்னேன். “கண்ணு முழிக்கிறதால அப்படித் தோணுது, ஒண்ணுமில்ல, தூங்கு” என்றார்.

ஒரு நாள் விடிகாலையில் குழந்தை அழுகிறாள். பார்த்தால் அவள் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு. என் பத்து விரல் நகத்திலும் சுண்ணாம்பு. ஒரு விரலில் ரத்தம். சுவரில் தொட்டில் உயரத்துக்குக் காரை பெயர்ந்து கிடந்தது. சுரண்டியது எனக்கு நினைவே இல்லை. குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்தச் சொல்லாமல் இருந்த ரெண்டு நாள்தான் என் வாழ்க்கையிலேயே பயங்கரமானது.

தடுப்பூசிக்காக வந்த நர்சம்மா குழந்தையை எடை போட்டுவிட்டு, “உனக்கு எப்படிம்மா இருக்கு? தூக்கம் வருதா?” என்று கேட்டார். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைத்தான் விசாரித்தார்கள். நான் கையை நீட்டி நகத்தைக் காட்டினேன். அன்று சாயந்திரமே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனநோய், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், மருந்தில் தேறிவிடலாம் என்றார். தேறினேன்.

கில்மனுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. மகள் பிறந்த பிறகு நொடிந்துபோய் 1887-ல் அந்தக் காலத்தின் பெரிய நரம்பு மருத்துவர் வியர் மிட்செலிடம் போனார். வீட்டோடு இரு, பேனாவை உயிருள்ளவரை தொடாதே என்று சொல்லி அனுப்பினார் அவர். மூணு மாதம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, புத்தி பேதலிக்கும் விளிம்பு வரை போய்த் திரும்பியதாகக் கில்மனே 1913-ல் எழுதியிருக்கிறார். கதையின் ஒரு பிரதியை அந்த டாக்டருக்கு அனுப்பியும் பதில் வரவில்லையாம். ஆச்சி புத்தகத்தைப் பிடுங்கியது நினைவுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

*

அக்கா, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு இப்போதுதான் கதையைப் படித்தேன். அதில் வரும் கணவன் கெட்டவன் இல்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான். அவள் சொல்வதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் மனைவி பிரசவமாகி இருபது நாள் ஆகிறது, என் மாமியார் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் போனில், “மொட்டை மாடியில யாரோ நடக்குறாங்க, பாப்பாவைக் கேக்குறாங்க”ன்னு சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

*

தம்பி, ஞாயிற்றுக்கிழமை வரை வைக்காதீர்கள், இன்றைக்கே கிளம்புங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை ராத்திரி அவளையும் குழந்தையையும் தனியாக விட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். காலையில் முதல் வேலையாக மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வழியில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம், வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பாவைத் தூக்கப் போகாதீர்கள். முதலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.