வெள்ளை விண்மீன் ஒளிர்வுக் கணக்கு சரிவரவில்லை, அவசரம்

ஒட்டுசுட்டான் பொடியன்:
நாளைக்கு ரியூசனில் காட்ட வேண்டும். ஸ்டெபான் விதியைத்தான் போட்டேன்: ஒளிர்வு, ஆரையின் வர்க்கத்தையும் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் வலுவையும் பெருக்கிய அளவில் கூடும். சூரியனைப் போல் 25 மடங்கு என்று தாளில் விடை இருக்கிறது. எனக்கு 103 வருகிறது. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதேதான். எங்கே பிழை?

மாங்குளம் ரீச்சர்:
எந்த விண்மீன் தம்பி? வெப்பநிலைக்கும் ஆரைக்கும் என்ன பெறுமானம் எடுத்தீர்கள்?

வவுனியாவான்:
செல்சியசில் போட்டிருப்பார். எங்கள் வகுப்பில் எல்லாரும் அதில்தான் விழுவார்கள். கெல்வினுக்கு மாற்றுங்கள்.

இரணைமடு:
இவ்வளவு சூடான விண்மீனுக்கு 273ஐ விட்டாலும் விடை பத்திலொரு பங்கு அளவில்தான் மாறும். 25 எப்படி 103 ஆகும்? போட்டுப் பார்க்காமல் பதில் எழுத வேண்டாம். கேட்பவரும் விதியை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தால் மற்றவர் நேரம் மிஞ்சும்.

புதுக்குடியிருப்பு:
வெள்ளை என்றால் வெண்குறளிதானே? அது பூமியளவுதான் இருக்கும். ஆரையைக் கூட்டிப் போட்டிருக்கிறார்.

மாங்குளம் ரீச்சர்:
இல்லை. வெண்குறளி என்பது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் மிச்சம். முதன்மைத் தொடர் விண்மீனின் மையத்தில் ஐதரசன் இன்னும் ஈலியமாகிக்கொண்டிருக்கிறது. சிரியசில் இரண்டும் உண்டு: நாங்கள் காண்பது முதன்மைத் தொடர் விண்மீன், 1862இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் துணை வெண்குறளி.

ஒட்டுசுட்டான் பொடியன்:
ஓம், சிரியஸ்தான். 9,940 கெல்வின். அளவு 23.8 இலட்சம் கிலோமீற்றர். சூரியனுக்கு 6.96 இலட்சம், 5,772 கெல்வின்.

வவுனியாவான்:
9,940 என்றால் வீன் விதிப்படி உச்சம், அதாவது ஒளி மிகக் கூடுதலாக வரும் அலைநீளம், 292 நானோமீற்றர், புற ஊதா. பிறகு எப்படி வெள்ளை? நீலம் என்றல்லவா சொல்ல வேண்டும்?

இரணைமடு:
உச்சத்தை மட்டும் பார்த்து நிறம் சொல்வதா? கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாமே தாராளமாக வருகின்றன, நீலம் கொஞ்சம் தூக்கல். அதனால்தான் நீலம் கலந்த வெள்ளை.

முல்லைக் கரை:
எங்கள் கடற்கரையில் அது எழும்பும்போது சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். வெள்ளை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாங்குளம் ரீச்சர்:
அது காற்றின் வேலை. மாசியில் முன்னிரவில் பாருங்கள், தெற்கே 64 பாகை வரை ஏறி நிற்கும். அந்த உயரத்தில் வெள்ளைதான்.

மாந்தை:
தம்பி, 23.8 இலட்சம் விட்டம். சூரியனுக்கு நீங்கள் எடுத்தது ஆரை. சிரியசின் ஆரை 11.9 இலட்சம், அதாவது சூரியனைப் போல் 1.71 மடங்கு. வர்க்கம் 2.92. வெப்பநிலை விகிதம் 1.722, அதன் நான்காம் வலு 8.8. பெருக்கினால் 25.7. விட்டம் புகுந்ததால் நாலு மடங்காகிவிட்டது.

இரணைமடு:
இது மெதுவாகச் சுழலும் சிரியசுக்குச் சரி. வேகா என்ற இன்னொரு வெள்ளை விண்மீனுக்கு இப்படிப் போட முடியாது. அது வேகமாகச் சுழன்று நடுவில் பருத்திருக்கிறது. துருவத்தில் ஏறத்தாழ 10,000 கெல்வின், நடுக்கோட்டில் 8,000 சொச்சம். ஒரே வெப்பநிலை என்று எடுப்பதே பிழை.

வவுனியாவான்:
உயர்தரப் பிள்ளைக்கு இது இப்ப எதற்கு? பரீட்சையில் ஒரே வெப்பநிலைதான் தருவார்கள்.

இரணைமடு:
பரீட்சைக்காக விண்மீன் உருண்டையாகிவிடாது.

ஒட்டுசுட்டான் பொடியன்:
25.7 வந்துவிட்டது. தாளில் "அளவு" என்று மட்டும்தான் இருந்தது. மாந்தை அண்ணாவுக்கும் ரீச்சருக்கும் நன்றி.

முல்லைக் கரை:
வேகா எங்கள் பக்கம் தெரியுமா?

மாங்குளம் ரீச்சர்:
தெரியும். ஆடி, ஆவணி இரவுகளில் வடக்கே பாருங்கள், 60 பாகை வரை ஏறும்.